தாத்தாவின் ஆர்மோனியத்தை லேப்டாப்பில் வாசிக்கலாம்!

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் ஆர்மோனியப் பெட்டி தூங்குகிறதா? துருத்தியில் கிழிசல், நாலைந்து கட்டைகள் ஊமை என்றிருந்தாலும் பரவாயில்லை. மிச்சக் கட்டைகளும் ஓய்வதற்குள் அந்த ஒலியைப் பிடித்து, புதிய பாட்டும் வாசிக்கிற கருவியாக மாற்றிவிடலாம். இதற்குப் பெயர் சாம்ப்ளர்.

ஐடியா பழசுதான். 1963-ல் இங்கிலாந்தில் வந்த மெல்லோட்ரானில் ஒவ்வொரு கட்டைக்கும் தனி டேப். கட்டையை அழுத்தினால் சுமார் 8 விநாடி ஓடும். 1979-ல் ஆஸ்திரேலியாவின் ஃபேர்லைட் அதையே கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது. விலையோ யானை விலை! இன்று அதே வேலைக்கு நோட்பேடில் எழுதிய சில வரிகள் போதும். 'எஸ்எஃப்இசட்' என்ற ஃபைல் வகை அது. 'ஸ்ஃபோர்ட்ஸாண்டோ' போன்ற இலவச சாஃப்ட்வேர் அதைப் படித்து வாசிக்கும்.

சத்தமில்லாத அறையில், ஒவ்வொரு கட்டையையும் ஒரே சீராக 6 விநாடி வாசித்துப் பதிவுசெய்யுங்கள். ஃபைலுக்குப் பெயராக மிடி எண்ணை வையுங்கள். பியானோவின் நடு 'சி' 60, அடுத்த கருப்புக் கட்டை 61. இனி, 'இந்த ஃபைல், இந்தக் கட்டை' என்று கட்டைக்கு ஒரு வரி எழுத வேண்டும். 37 கட்டைக்கு 37 வரியா? அங்கேதான் ஸ்கிரிப்ட் வருகிறது. ஃபோல்டரைத் திறந்து, பெயரில் உள்ள எண்ணைப் படித்து, வரியை எழுதிவைக்க பத்து வரி பைத்தான் போதும். பள்ளியில் பைத்தான் படிக்கும் உங்கள் பிள்ளையிடம் கொடுங்கள்!

ஊமைக் கட்டைக்குப் பக்கத்துக் கட்டையின் ஒலியைக் கடன் கொடுக்கச் சொல்லி ஸ்கிரிப்டிலேயே எழுதலாம். ஒரு கட்டை மேலே போக, ஒலியைச் சுமார் 6 சதவிகிதம் வேகமாக ஓட்டினால் சரி. நாலைந்து கட்டை தாண்டினால் கார்ட்டூன் குரல்தான் வரும். கட்டையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஒலி நீள வேண்டுமென்றால் நடுப்பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டும். ஒட்டும் இடம் பொருந்தாவிட்டால் 'டக் டக்' கேட்கும். பொறுமை தேவைப்படுகிற ஒரே இடம் இதுதான்.

சுருதி கொஞ்சம் விலகியிருந்தால்? ஒரே வார்த்தையில் திருத்தலாம். என்னைக் கேட்டால், திருத்தாத ஒரு பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள். அதுதானே தாத்தாவின் பெட்டி!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்வரத்தை வளைத்துக் கமகம் கொடுக்க முடியாது என்பது ஆர்மோனியத்தின் மீதான பெரிய புகார். அகில இந்திய வானொலி 1940-ல் விதித்த தடை 1971 வரை நீடித்தது. அந்தக் குறைதான் இங்கே வசதி. கட்டைக்கு ஒரு ஒலி, வேலை முடிந்தது. வீணையை இப்படிப் பிடிக்கப் பாருங்கள்... ஒவ்வொரு ஸ்வரமும் பதிவாகும், நடுவில் இருக்கிற சங்கீதம் நழுவிவிடும்!