நல்லமிளகும் காக்காய்வலிப்பும்

குளச்சல் என்றதும் 1741-ஆம் வருஷத்து யுத்தம் எவர்க்கும் நினைவுக்கு வரும். மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் சேனை டச்சுக் கம்பெனியாரை முறியடித்த அந்தச் சண்டைக்கு நல்லமிளகு வியாபாரமே முக்கிய காரணம். அதே நல்லமிளகைக் குறித்து இப்போது வேறொரு கேள்வி எழுந்திருக்கிறது. குலசேகரம் பக்கத்தில் கொடிகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது தோட்டக்காரர் ஒருவர், “ஐயா, காக்காய்வலிப்புக்கு நல்லமிளகு மருந்தென்கிறார்களே, என் பையனுக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாமா?” என்று வினவினார். கொடுக்கலாகாது என்பதே விடை. ஆயினும் அவர் கேள்விப்பட்டது முழுப் பொய்யன்று. ஆகையால் சற்று விவரமாக எழுதுகிறேன்.

சில செடிகள் தம் விதையிலும் வேரிலும் ஆல்கலாய்டு என்னும் வஸ்துக்களைச் சேர்த்து வைக்கின்றன. அவற்றுள் பல, அளவோடு கொண்டால் மருந்தும் மிஞ்சினால் விஷமும் ஆகும். மேனாடுகளில் விளையும் லூப்பின் என்ற கசப்புப் பயற்றில் ஸ்பார்ட்டீன் என்னும் ஆல்கலாய்டு உண்டு. எலிகளிடத்தில் அது வலிப்பைத் தணிப்பதாக மெக்ஸிகோ தேசத்து ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். நமது மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரீனும் ஆல்கலாய்டே. டென்மார்க் தேசத்து எர்ஸ்டெட் அதனை 1819-இல் பிரித்தெடுத்தார். வகைக்கேற்ப, 100 பங்கு மிளகில் சுமார் 3 முதல் 9 பங்கு வரை அது இருக்கும்.

சீன தேசத்தில் மிளகையும் முள்ளங்கியையும் சேர்த்து வலிப்புக்குக் கொடுக்கும் நாட்டு வைத்தியம் உண்டு. பெய்ஜிங் மருத்துவக் கல்லூரியார் அதை ஆராய்ந்து, பைப்பரீனின் அமைப்பைச் சிறிது மாற்றி, ஆன்டிஎபிலெப்சிரின் என்னும் மருந்தை உண்டாக்கி நோயாளிகளுக்கும் கொடுத்தனர். ஆனால் அது இரசாயன முறையில் செய்யப்படுவது. மிளகை இடித்துத் தின்றால் கிட்டாது. இதனால் மிளகு விலை ஏறுமென்று கணக்குப் போடுபவர்களுக்கும் இதுவே பதில். சாறு எடுக்கும் ஆலைக்கு விற்க விரும்புவோர் முற்றுவதற்கு 15, 20 நாள் முன்னர்ப் பறிக்கலாம். மற்றவர்கள் சரத்தில் ஓரிரண்டு மணி சிவக்கும்வரை பொறுத்தலே லாபம்.

இனிக் கவனிக்கவேண்டிய அபாயம் ஒன்றுண்டு. வலிப்புக்கு 1938 முதல் வழங்கிவரும் மருந்து ஃபெனிட்டாயின். அதனை உட்கொள்ளும் நோயாளிகளுக்கு 20 மில்லிகிராம் பைப்பரீன் கொடுத்துச் சண்டிகர் அரசு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார் சோதித்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிற்று. ஒரு கிராம் மிளகென்பது சுமார் 20 மணி. நூற்றுக்கு ஐந்து வீதம் கணக்கிட்டால் அதில் 50 மில்லிகிராம் பைப்பரீன் ஆகிறது. ஃபெனிட்டாயினுக்குக் குணமளிக்கும் அளவும் கெடுதி செய்யும் அளவும் அடுத்தடுத்தே இருப்பவை. மிஞ்சினால் பார்வை இரட்டித்துத் தோன்றும், நடை தள்ளாடும். வீட்டில் வழக்கமாக வைக்கும் ரசத்துக்கு அஞ்சவேண்டுவதில்லை. ஆனால் மருந்தென்று எண்ணி மிளகுப் பொடியை வேளைதோறும் விழுங்குவதும், பைப்பரீன் கலந்த மஞ்சள் மாத்திரைகளை வாங்கித் தின்பதும் வைத்தியருக்குத் தெரியாமல் கூடாது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதோ இதனினும் கொடிது. வலிப்பு ஓயாமல் தொடர்ந்து உயிருக்கே மோசம் வரலாம்.

மேற்படி தோட்டக்காரரிடம் இவ்வளவும் சொன்னேன். பையனின் மருந்துச் சீட்டையும் வீட்டிலிருந்த மிளகுப் பொடி டப்பாவையும் எடுத்துக்கொண்டு, மறுநாளே வைத்தியரிடம் போவதாக ஒப்புக்கொண்டார்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. வலிப்பு கண்டவரின் வாயிலோ மூக்கிலோ மிளகுநீர் ஊற்றுவதைக் கண்டால் உடனே தடுக்கவேண்டும். அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். கையில் இரும்பு கொடுப்பதால் பயனில்லை. பல்லிடுக்கில் எதையும் திணித்தலும் ஆகாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் மடித்த துணி வைத்து, கடிகாரத்தைப் பார்க்கவும். 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் 108 வண்டியை அழைக்கவும்.