இறக்கிய மூன்று நரம்புகள்: இலண்டன் கித்தார்க் கூட்டும் தமிழிசைச் சொற்களும்

கித்தாரின் ‘சுருதியை இறக்குதல்’ என்று நாம் வழங்கும் தொடர், வேறுபட்ட இரு செயல்களை ஒருசேரக் குறிக்கிறது. ஆறு நரம்புகளையும் ஒரே அளவில் தளர்த்துவது ஒன்று; சிலவற்றை மட்டும் தளர்த்துவது மற்றொன்று. முன்னதில் ஆதார சட்சம் இறங்குகிறது. நரம்புகளிடையுள்ள உறவு மாறுவதில்லை. பின்னதில் உறவே மாறிவிடுகிறது. இலண்டனில் கருநாடக இசையையும் கித்தாரையும் ஒருங்கே பயிலும் தமிழ் மாணவர்க்கு இவ்வேறுபாட்டைத் தமிழில் எவ்வாறு விளக்குவது என்பதே இக்கட்டுரையின் வினா.

இதற்குத் தக்க சான்று அந்நகரிலேயே உண்டு. இலண்டன் நாட்டார் இசை அரங்குகளில் புகழ்பெற்ற டேவி கிரகாம் (1940–2008), 1960களின் தொடக்கத்தில் மொராக்கோ சென்று, ஊத் என்னும் நரம்புக்கருவியோடு இயைந்து வாசிக்கும் பொருட்டுப் புதியதொரு கூட்டினைக் கையாண்டார். தடித்த நரம்பிலிருந்து எண்ணினால் வழக்கமான கூட்டு ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்பதாகும். முதலாம், இரண்டாம், ஆறாம் நரம்புகளை மட்டும் ஒவ்வொரு முழுச்சுரம் இறக்கி, டி, ஏ, டி, ஜி, ஏ, டி என அவர் ஆக்கினார். அவருடைய அயர்லாந்து நாட்டுப்பாடல் பதிவொன்றில் இக்கூட்டைக் காணலாம். அதன் தலைப்பில் ‘ராகா’ என்னும் சொல்லையும் அவர் சேர்த்தார். அச்சொல் வெறும் அலங்காரமன்று.

டி சுரத்தைக் குரலாகக் கொள்வோம். (குரலே சட்சம் என்னும் கொள்கையை இங்கு மேற்கொள்கிறேன்; அதுபற்றிய நெடுவழக்கு வேறு அரங்கிற்குரியது.) பழைய கூட்டு துத்தம், இளி, குரல், உழை, விளரி, துத்தம் என அமையும். புதியது குரல், இளி, குரல், உழை, இளி, குரல். சிலப்பதிகார உரைமரபு, நின்ற நரம்பிற்கு நான்காவதை நட்பு என்றும், ஐந்தாவதைக் கிளை என்றும், மூன்றாவதையும் ஆறாவதையும் பகை என்றும் கூறும். பகையாகிய விளரி நீங்கிற்று. எஞ்சியவை நின்ற நரம்பும் அதன் கிளையும் நட்புமே. மேலையிசை மேஜர், மைனர் எனப் பிரிப்பது கைக்கிளையின் நிறை குறைவால். அக்கைக்கிளை வெறும் நரம்புகளில் எங்கும் ஒலிக்காமையால், கருவி எந்தப் பக்கமும் சாயாமல் தம்புராவைப் போல் நிற்கிறது.

தளர்த்தலின் விளைவு கைக்கும் புலப்படும். ஆறாம் நரம்பு நொடிக்கு 82.4 அதிர்விலிருந்து 73.4க்கு இறங்குகிறது. அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், இழுவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். தளர்ந்த நரம்பு மெட்டுகளில் உராய்ந்து இரைவதுண்டு. ஆனால் பக்கவாட்டில் அதே அளவு வளைத்தால், சுரம் முன்னிலும் ஏறத்தாழக் கால்பங்கு மிகுதியாக ஏறும். கமகம் பயில்வார்க்கு இஃது ஊதியமே.

ஆதலின் முன்னதைச் ‘சுருதி இறக்கம்’ என்றும், பின்னதைக் ‘கூட்டு மாற்றம்’ என்றும் வழங்கலாம். இரண்டும் தனித்தனிச் செயல்கள் என்பதை மாணவர் எளிதிற் காணலாம்: கிரகாமின் கூட்டை வைத்தபடியே, இரண்டாம் மெட்டில் கேப்போ என்னும் பற்றியைப் பொருத்தினால், குரல் ஈ சுரத்திற்கு ஏறிவிடும்; கூட்டு இம்மியும் மாறாது.