ஸ்டியரிங்கைத் திருப்பினால் ‘டக் டக்’ சத்தமா? காரணத்தைக் கண்டறிவது எப்படி?

ஈப்போ – சுங்கை சிப்புட், செம்மோர், தாப்பா வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் தாமான்களாகவும் மாறிவிட்டன. ஆனால், செம்மண் பாதைகளும் குழிகளும் இன்னும் உள்ளன. அவற்றில் நாள்தோறும் ஓடும் பழைய புரோட்டோன் சாகா, பெரோடுவா கன்சில், வீவா கார்களில், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரப் பக்கம் சத்தம் கேட்பது வழக்கமான புகார்.

சத்தம் எப்போது கேட்கிறது என்பதைக் கவனித்துப் பட்டறையில் சொன்னால், தேவையற்ற பாகங்களை மாற்றும் செலவு மிச்சமாகும்.

வளைத்து ஓட்டும்போது கேட்டால்:

காலியான திடலில் ஸ்டியரிங்கை முழுமையாக ஒரு பக்கம் திருப்பி, மெதுவாக வட்டமாக ஓட்டிப் பாருங்கள். பிறகு மறுபக்கமும் அப்படியே செய்யுங்கள். வேகத்துக்கு ஏற்ப ‘டக், டக், டக்’ என்ற சத்தமும் கூடினால், டிரைவ் ஷாஃப்ட் மூட்டு தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். வலப்பக்கம் திரும்பும்போது கேட்டால் பெரும்பாலும் இடது சக்கரத்தின் மூட்டு. இடப்பக்கம் என்றால் வலது.

1926இல் ஆல்பிரட் ரெசெப்பா உருவாக்கிய முறையில் அமைந்த இந்த மூட்டில் பொதுவாக ஆறு எஃகு உருண்டைகள் இருக்கும். கிரீஸ் நிரம்பிய ரப்பர் உறை, அதாவது ‘பூட்’, அதை மூடியிருக்கும். பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியேறி, மண்ணும் நீரும் புகுந்து மூட்டைத் தேய்த்துவிடும். சக்கரத்தின் உட்புறத்தில் கறுப்பு கிரீஸ் தெறித்திருப்பது இதற்கு முதல் அடையாளம். சத்தம் தொடங்கும் முன்பே கவனித்தால் பூட்டையும் கிரீஸையும் மாற்றினாலே போதும். சத்தம் வந்துவிட்டால் மூட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

நின்ற இடத்தில் கேட்டால்:

ஹேண்ட்பிரேக் போட்டு, இஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். ‘டொங்’ என ஒரே சத்தம் கேட்டு ஸ்டியரிங் உதறினால், அப்சோபர் மவுண்டிங்கில் உள்ள பேரிங்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது இறுகிப்போனால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு, பின்னர் திடீரென விடுபடும்.

குழியிலும் கேட்டால்:

திரும்பும்போது மட்டுமின்றி, குழியில் இறங்கும்போதும் ‘கடக்’ என்று கேட்டு, ஸ்டியரிங்கும் தளர்வாக இருந்தால் மிகுந்த கவனம் தேவை. லோவர் ஆர்ம் பால் ஜாய்ண்ட் அல்லது டை ரோட் முனை தேய்ந்திருக்கலாம். பால் ஜாய்ண்ட் கழன்றால் சக்கரம் சாய்ந்து கார் கட்டுப்பாட்டை இழக்கும். இந்நிலையில் நெடுஞ்சாலைப் பயணத்தைத் தவிர்த்து, உடனே பட்டறையை நாடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் செல்லாதீர்கள்.

டை ரோட், லோவர் ஆர்ம் போன்றவற்றை மாற்றிய பின் அலைன்மெண்ட் பார்ப்பது அவசியம். இல்லையேல் புதிய டயரும் ஒருபக்கமாகத் தேயும். பழுதான பாகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கவும் தயங்க வேண்டாம். அது வாடிக்கையாளரின் உரிமை.