லால்பேட்டைக்கு ஒரு மடக்கைக் கணக்கு

கைப்பேசி வரைபடத்தில் லால்பேட்டையைத் தேடினால் வீராணம் ஏரிக்கரை உடனே திரைக்கு வந்துவிடும். அந்த நொடிக்குள் ஒரு கணக்கு நடந்து முடிந்திருக்கும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற வரைபடங்கள் உலகைச் சதுரங்களாக வெட்டி வைத்திருக்கின்றன. பத்தாவது பெரிதாக்க நிலையில் குறுக்கே 1,024 சதுரங்கள், நெடுக்கே 1,024. சுழியிலிருந்து எண்ணினால் லால்பேட்டை 738ஆம் நெடுவரிசையில், 479ஆம் கிடைவரிசையில் இருக்கிறது. சிதம்பரமும் அதே சதுரத்தில்தான். நெடுவரிசையை அறியத் தீர்க்கரேகையை வகுத்தால் போதும். கிடைவரிசைக்கு அது போதாது. வரைபடவியலாளர் மெர்கேட்டர் 1569இல் வெளியிட்ட முறைப்படி, துருவத்தை நெருங்க நெருங்க நிலம் நீட்டி வரையப்படுகிறது. எனவே அட்சரேகையின் டேன்ஜென்டுக்கு நேர்மாறு அதிபரவளைய சைன் காண வேண்டும். லால்பேட்டையின் அட்சரேகை சுமார் 11.3 பாகை, டேன்ஜென்ட் 0.1998, விடை 0.1985.

இந்த நேர்மாறு சைனைக் காணப் பாடநூல் வழி எளிது: எண்ணை வர்க்கமாக்கி 1 கூட்டு, வர்க்கமூலம் எடு, அதோடு எண்ணைக் கூட்டு, இயல் மடக்கை காண். சூத்திரத்தில் குற்றமில்லை. ஆனால் கணினியின் இரட்டைத் துல்லிய எண்ணில் ஏறக்குறைய 16 இலக்கங்களுக்கே இடம். ஆயிரம் கோடியில் ஒரு பங்கு போன்ற மிகச் சிறிய எண்ணைக் கொடுத்தால், 1உடன் கூட்டும்போதே அதன் கடைசி இலக்கங்கள் உதிர்ந்து, விடை ஒன்பதாவது இலக்கத்திலேயே பிசகுகிறது. கழித்தல் பத்துக் கோடியைக் கொடுத்தால் கூட்டுத்தொகை சுழியாகி, விடை கழித்தல் முடிவிலி என்று வரும். சரியான விடையோ சுமார் −19.11. 200 சுழிகள் கொண்ட எண்ணென்றால் வர்க்கமே கொள்ளளவைத் தாண்டிவிடும்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1993இல் உருவாக்கிய கணித லைப்ரரி இந்தக் கணக்கை எல்லை பிரித்துக் கையாள்கிறது. குறியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு அளவை மட்டும் பார்க்கும். மிகச் சிறிய எண்ணென்றால் அதையே விடையாகத் தரும். மிகப் பெரியதென்றால் அதன் மடக்கையோடு 2இன் மடக்கையைக் கூட்டும். 2க்குக் குறைவானவற்றுக்கு, சிறு எண்ணை 1உடன் கூட்டிக் கெடுக்காமல் அந்தக் கூட்டலின் மடக்கையை நேரடியாகத் தரும் தனிச் சார்பு உண்டு; லால்பேட்டை செல்வது இந்த வழியில்தான். இறுதியில் குறி மீண்டும் சேரும்.

லால்பேட்டைக்குப் பாடநூல் சூத்திரமே போதும். ஆனால் கேட்பது வரைபடமா, இயற்பியல் ஆய்வா என்பது லைப்ரரிக்குத் தெரியாது. எல்லா எண்ணுக்கும் அது பொறுப்பேற்றாக வேண்டும். ஆகவே சூத்திரத்தைக் கையால் எழுதாதீர்கள், லைப்ரரிச் சார்பையே அழையுங்கள்.