நீச்சல் குளத்து ஓரத் தளம்: வெறுங்காலுக்கு ஏற்ற சரக்கு எது?

மரக்கடை, ஹார்டுவேர், டைல்ஸ் வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்களிடம் சில ஆண்டுகளாகப் புதிய விசாரணை ஒன்று வந்து கொண்டிருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓய்வு இல்லம் கட்டுகிறவர்கள், மாமல்லபுரம், புதுச்சேரிப் பக்கத்து விடுதிக்காரர்கள், கோவையில் பண்ணை வீடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் நீச்சல் குளம் கட்டுகிறார்கள். குளத்தைச் சுற்றி நடக்கவும் சாய்வு நாற்காலி போடவும் ஒரு தளம் வேண்டும். ஆர்க்கிடெக்ட் 'டெக்' என்று ஒரே வார்த்தையில் எழுதிக் கொடுத்து விடுகிறார். வாடிக்கையாளர் கைப்பேசியில் வெளிநாட்டுப் படம் ஒன்றைக் காட்டி, இதே நிறத்தில் வேண்டும் என்கிறார். நாமும் சதுர அடி விலையைச் சொல்லி அட்வான்ஸ் வாங்கி விடுகிறோம்.

படத்தில் இருப்பது பெரும்பாலும் வெயிலைத் தேடிப் போய்ப் படுக்கிற ஊர். நம் ஊரில் பங்குனி பிறந்தாலே மொட்டை மாடியில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. குளத்திலிருந்து ஏறி வருகிறவர் காலில் செருப்பு இருக்காது என்பதை விலை கேட்கிறவரும் யோசிப்பதில்லை, விற்கிறவரும் யோசிப்பதில்லை.

எங்களிடம் தேக்குப் பலகை எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர், வேறிடத்தில் கொள்முதல் செய்து, கடலோர வீடு ஒன்றுக்கு 600 சதுர அடி காப்பிக்கொட்டை நிற டபிள்யூ.பி.சி. பலகை போட்டுக் கொடுத்தார். வேலை மார்கழியில் முடிந்தது. பார்க்க வெகு அழகு. சித்திரையில் பேரப் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தார்கள். காலை பதினொரு மணிக்கு மேல் ஒரு பிள்ளையும் அதில் கால் வைக்க முடியவில்லை. வீட்டுக்காரர் அதன் மேல் கயிற்றுப் பாயை விரித்து விட்டு, பாக்கித் தொகையை நிறுத்தி வைத்தார். கம்பெனியிடம் கேட்டால் சரக்கில் குறை ஒன்றும் இல்லை என்கிறார்கள். அது உண்மைதான். உளுத்துப் போகவில்லை, வளையவில்லை, நிறம் போகவில்லை. வெயில் விழும் இடத்துக்கு அடர் நிறத்தைக் கொடுத்ததுதான் கோளாறு. அந்தப் பாக்கி இன்னும் வசூலாகவில்லை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது நிறம். கறுப்பும் காப்பி நிறமும் வெயிலை இழுத்து வைத்துக் கொள்ளும், வெளிர் நிறம் பெரும்பகுதியைத் திருப்பி விடும். இரண்டாவது, பொருள் எவ்வளவு வேகமாகச் சூட்டைக் காலுக்குக் கடத்துகிறது என்பது. கல்லும் மரமும் ஒரே சூட்டில் இருந்தாலும் கல்தான் பாதத்தைச் சுடும். மரம் சூட்டை மெதுவாகத்தான் விடும். டபிள்யூ.பி.சி. என்பது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து அடர்த்தியாக வார்த்தது. அது மரத்தைப் போலத் தெரிந்தாலும் காலுக்கு மரத்தைப் போல இருப்பதில்லை.

இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். கத்திரி வெயிலில் பகல் ஒரு மணிக்குக் கடையின் மொட்டை மாடியில் எல்லா மாதிரியையும் ஓரடி துண்டாகப் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து வெறுங்காலால் ஏறிப் பார்த்தால் போதும். முடிந்தால் வாடிக்கையாளரையே ஏற்றி விடுங்கள். கேட்டலாக் காட்டிப் பேசுகிற பேச்சு பாதி மிச்சம்.

தேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம், எங்கள் தொழில் அதுதான் என்பதால் மட்டும் அல்ல. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்தாலும் அதிகம் முறுக்கிக் கொள்ளாது. கரையான் எளிதில் நெருங்காது. ஆனால் இந்தக் குணமெல்லாம் வைரத்துக்குத்தான், வெள்ளைக்குக் கிடையாது. மியான்மர் அரசு 2014 ஏப்ரலில் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திய பிறகு, தூத்துக்குடிக்கு வந்து இறங்குவதில் பெரும்பங்கு ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா நாடுகளின் தோட்டத் தேக்கு. இளம் மரம் என்பதால் வெள்ளை அதிகம் விழும். கதவு நிலைக்கு ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை இருந்தால் பாலீஷில் மறைந்து விடும். குளத்து ஓரத்தில் அந்த வெள்ளைதான் முதலில் உளுக்கும். டெக்குக்குப் பலகை எடுக்கும்போது நாலு பக்கமும் வைரமாகப் பார்த்து எடுக்க வேண்டும். அதற்கு விலை கூடும் என்பதை முன்பே சொல்லி விட வேண்டும்.

தேக்கு வெயிலில் சில மாதங்களில் சாம்பல் நிறமாகி விடும். 'மரம் செத்துப் போச்சு' என்று வாடிக்கையாளர் போன் செய்வார். அது மேல்தோல் மட்டும்தான், உள்ளே ஒன்றும் ஆகாது. அந்தச் சாம்பல் நிறம் காலுக்கு நல்லதுதான். பழைய நிறம் வேண்டும் என்று அடிக்கடி எண்ணெய் பூசினால் பலகை கறுத்து, மறுபடி சூடு ஏறும். வார்னிஷ் கூடவே கூடாது. தண்ணீரில் உரிந்து வரும், ஈரத்தில் வழுக்கும்.

டபிள்யூ.பி.சி. விற்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நிழல் விழும் தாழ்வாரம், கூரை போட்ட பகுதி, மாலையில் மட்டும் புழங்கும் இடம் இவற்றுக்கு வெளிர் சாம்பல், மணல் நிறங்களில் தாராளமாகக் கொடுக்கலாம். பராமரிப்புக் குறைவு என்பது நிஜம். ஆனால் கதவுக்கும் அலமாரிக்கும் போடும் பி.வி.சி. நுரைப் பலகையும் நம் ஊரில் அதே பெயரில்தான் விற்கிறது. மலிவாக இருக்கிறதே என்று அதைத் தளத்துக்குக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது மிதிபடும் சரக்கே அல்ல. சரியான டெக் பலகையும் வெயிலில் நீளும். 12 அடிப் பலகைக்கு 30 டிகிரி வித்தியாசத்தில் நாலைந்து மில்லி வரை நீளலாம் என்று கணக்கு வைத்துக் கொண்டு, கம்பெனி சொல்லும் இடைவெளியை நுனியில் விடச் சொல்லுங்கள். ஆசாரி அழகுக்காக இறுக்கி அடித்தால் நடுவில் தூக்கி விடும்.

வெளிநாட்டுக் கடின மரங்களில் ஐப்பேயும் குமாருவும் பெயர் பெற்றவை. 2024 நவம்பர் முதல் இரண்டும் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் (சைட்டிஸ்) கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு வந்து விட்டன. உரிய அனுமதித் தாள் இல்லாத சரக்கை மலிவு என்று தொட வேண்டாம். பைன் மரத்தை உயர்ந்த வெப்பத்தில் பதப்படுத்தும் முறை 1990-களில் பின்லாந்தில் வளர்ந்தது. அப்படிப் பதப்படுத்திய பலகை காலுக்குச் சுகம், எடையும் குறைவு. ஆனால் மண்ணோடு ஒட்டிப் போடக் கூடாது. 'சால்' என்ற பெயரில் பல ஜாதி மரம் வருகிறது. ஜாதி தெரியாமல் தளத்துக்குக் கொடுப்பது சூதாட்டம்.

கல் வேண்டும் என்பவர்களுக்கு வெளிர் சாம்பல் கிரானைட், நெருப்பில் சுட்டுச் சொரசொரப்பாக்கியது நல்லது. பாலீஷ் போட்டது வழுக்கும். கடப்பா கறுப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உப்பு நீர் முறையில் சுத்தம் செய்யும் குளமானால் மென்மையான மணற்கல்லைத் தவிர்க்கச் சொல்லுங்கள், மேல்தோல் பொடிந்து வரும்.

மேலே இவ்வளவு பார்த்து விட்டு அடியில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். ரெட் ஆக்சைடு அடித்த இரும்புப் பைப்பின் மேல் தேக்குப் பலகை போட்ட வேலைகளைப் பார்த்திருக்கிறோம். கடல் காற்றில் பைப் துருப்பிடித்துப் பலகைக்கு முன்னால் போய் விடும். அலுமினியம் அல்லது மருந்து ஏற்றிய மரச் சட்டம் போட வேண்டும். தண்ணீர் வடியத் தரைக்குச் சரிவும், பலகைக்கு அடியில் காற்றோட்டமும் வேண்டும். சாதாரண இரும்புத் திருகாணி தேக்கில் கறுப்புக் கறை விடும். கடலோரத்துக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் கொடுக்க வேண்டும். 304 ரகத்துக்கும் அதற்கும் வெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மொத்த பில்லில் இதனால் கூடும் தொகை சிறியதுதான், பெட்டியில் ரகம் பார்த்து வாங்குங்கள்.

அளவு கணக்கில் தகராறு வராமல் இருக்க ஒரு வழி. 90 மில்லி அகலப் பலகையை 5 மில்லி இடைவெளி விட்டுப் போட்டால், ஒரு சதுர அடித் தளத்துக்கு 3.2 ஓட்ட அடி பலகை பிடிக்கும். 600 சதுர அடிக்குச் சுமார் 1,925 ஓட்ட அடி. 25 மில்லி கனமானால் ஏறக்குறைய 47 கன அடி. வெட்டுச் சேதம் பத்து சதவீதம் சேர்த்து 52 கன அடி என்று எழுதுங்கள். அடிச்சட்டம், திருகாணி, கூலி மூன்றையும் தனித்தனி வரியாகப் போடுங்கள். மரத்தின் ஜாதி, வைரமா வெள்ளை கலந்ததா, திருகாணி ரகம், பலகையின் நிறம், வெயில் படும் இடமா நிழலா என்பதையும் கொட்டேஷனிலேயே குறித்து, வாடிக்கையாளரின் கையெழுத்தை வாங்கிக் கொண்டு சரக்கை ஏற்றுங்கள்.