சக்கரத்தின் மேல் ஒரு கக்கூஸ்

மோட்டார்ஹோம் எனும் நடமாடும் வீட்டு வண்டிகளின் விளம்பரங்களில் மலை இருக்கும், ஏரி இருக்கும், மடக்கு நாற்காலியில் காபி குடிக்கும் தம்பதி இருப்பார்கள். மூன்றாம் நாள் காலையில் கழிவுத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர் மட்டும் இருக்கமாட்டார். இந்த வண்டிகளின் கதையை அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

பிரிட்டனில் கேரவன் எனும் வீட்டு வண்டியைக் குதிரை இழுத்த காலத்திலும், கார் இழுக்கும் கேரவன்கள் வந்த புதிதிலும் வாளியும் மண்வெட்டியுமே கழிப்பறை. வண்டிக்குச் சற்றுத் தள்ளி ஆளுயரத்தில் ஒரு குறுகிய கூடாரம், அதற்குள் வாளி. கிளம்பும் முன் குழி வெட்டிக் கொட்டி மூடிவிடுவார்கள். 1920களில் எஃப்ரைம் லூயிஸ் ஜாக்சன் என்பவர் கொண்டுவந்த ‘எல்சான்’, அந்த வாளிக்குள் நாற்றத்தை அடக்கும் ரசாயனத்தை ஊற்றியது. இரண்டாம் உலகப் போரில் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களிலும் இதையே வைத்தார்கள். மேலே குளிர், கீழே பீரங்கி, நடுவே குலுங்கும் வாளி. விமானிகள் அதை அடியோடு வெறுத்தார்கள். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. பிரிட்டிஷ் கேரவன் முகாம்களிலும் கால்வாய்ப் படகுத்துறைகளிலும் கழிவு கொட்டும் இடத்துக்கு இன்றும் ‘எல்சான் பாயின்ட்’ என்றே பெயர்.

1968-இல் அமெரிக்காவின் தெட்ஃபோர்டு நிறுவனம் ‘போர்ட்டா பாட்டி’யை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேலே நல்ல தண்ணீர்த் தொட்டி, கீழே கழிவுத் தொட்டி, நடுவே இழுத்து மூடும் தட்டு. வாளியில் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் இதில் மறைந்தது. கூடாரத்திலிருந்த கழிப்பறை வண்டிக்குள் குடியேற இது உதவியது. இன்று ஐரோப்பிய வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது அதன் அடுத்த தலைமுறையான கேசட். பீங்கான் போலத் தோன்றும் இருக்கை உள்ளே நிலையாக இருக்கும். ஏறக்குறைய 20 லிட்டர் பிடிக்கும் தொட்டியை வண்டியின் வெளிச்சுவரிலுள்ள சிறு கதவைத் திறந்து உருவி எடுக்கலாம். சக்கரமும் கைப்பிடியும் உண்டு. விமான நிலையத்துப் பெட்டி மாதிரி உருட்டிக்கொண்டு போகலாம். இருவர் பயணம் என்றால் இரண்டு மூன்று நாளில் நிரம்பிவிடும். நிரம்பியதும் சிவப்பு விளக்கு எரியும். விளக்கைப் பார்த்தும் இன்னும் ஒருமுறை என்று ஒத்திப்போடுகிறவர்கள்தான் கஷ்டப்படுகிறார்கள்.

கொட்டுவதில் நுணுக்கம் இருக்கிறது. தொட்டியின் மேலுள்ள காற்றுப் பொத்தானை அழுத்திக்கொண்டே சரிக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றுப் புக வழியின்றிக் கழிவு குபுக் குபுக்கென்று வந்து காலணியில் தெறிக்கும். கொட்டியபின் தண்ணீர் விட்டுக் குலுக்கி இரண்டு முறை அலச வேண்டும். மூடும் தட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம்தான் இந்த இயந்திரத்தின் உயிர். வாஸ்லினோ சமையல் எண்ணெயோ தடவினால் அது ஊறிக் கெட்டுப்போகும். சிலிக்கோன் தைலம்தான் தோது. பிளீச்சிங் திரவம் அந்தப் பக்கமே வரக்கூடாது. குளிர்காலத்துக்கு வண்டியை நிறுத்தும்போது தட்டைத் திறந்தே வைத்தால் ரப்பர் ஒட்டிக்கொள்ளாது.

தொட்டியில் ஊற்றும் ரசாயனத் திரவமும் மாறியிருக்கிறது. பழைய நீலத் திரவத்தில் ஃபார்மால்டிஹைடு இருந்தது. கிருமியைக் கொன்று நாற்றத்தை அடக்கிய அதே வீரியம், முகாமின் செப்டிக் டேங்கில் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் கொன்றது. ஆகவே, பல முகாம்கள் நீலத்தைத் தடுத்து, நொதிகளால் வேலை செய்யும் பச்சைத் திரவத்தைக் கேட்கின்றன.

அடுத்து வந்திருப்பது ரசாயனமே வேண்டாம் என்னும் பிரிப்புக் கழிப்பறை. சிறுநீரும் மலமும் கலக்கும்போதுதான் நாற்றம் பெருகுகிறது. எனவே சிறுநீர் முன்பக்கக் குடுவைக்கும், மலம் பின்பக்க வாளிக்கும் போகிறது. வாளியின் ஈரத்தை உறிஞ்ச மரத்தூள், சணல்தூள் அல்லது தென்னை நார்த்தூள். இந்த நார்த்தூளை உலகச் சந்தைக்கு அனுப்புவதில் இந்தியாவும் இலங்கையும் முன்னணியில் இருக்கின்றன. பொள்ளாச்சிப் பக்கம் கட்டியாக அழுத்தப்பட்டது எங்கோ ஓர் ஐரோப்பியக் காட்டோரம் இந்த வேலையையும் பார்க்கிறது. ஆனால் சில நாளில் உரம் கிடைத்துவிடும் என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். மலம் மக்கிப் பாதுகாப்பான உரமாக மாதக்கணக்காகும். சுற்றிச்சுற்றி நூறாண்டுக்குப் பிறகு வண்டி மறுபடி வாளிக்கே வந்திருக்கிறது, மண்வெட்டி மட்டும் இல்லை.

இத்தனை மாறியும் மாறாதது ஒன்று: கொட்டுகிறவர் வண்டிக்காரரேதான். நம் நாட்டில் இந்த வேலையைப் பிறப்பின் பேரால் சிலர் தலையில் கட்டினோம். 1993-இலும் 2013-இலும் சட்டம் போட்டுத் தடுத்தும் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஐரோப்பிய முகாம்களிலோ ஓய்வுபெற்ற நீதிபதியானாலும் மருத்துவரானாலும் தொட்டியை உருட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறார், எதிரே வருபவருக்குக் காலை வணக்கம் சொல்கிறார். என்னைக் கேட்டால் மோட்டார்ஹோமில் இருக்கும் வசதிகளில் உயர்ந்தது இதுதான்.

ஐரோப்பாவில் வண்டி வாடகைக்கு எடுக்கப்போகிறவர்கள் சாவி வாங்கும்போதே தொட்டியை ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். காற்றுப் பொத்தான் எங்கே என்று கேட்டுவையுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது தொட்டி காலியாகவும் கழுவியும் இல்லாவிட்டால் பல இடங்களில் தனிக் கட்டணம் பிடித்துக்கொள்வார்கள்.