பீப் வருதா?

எங்கள் கல்லூரி நூலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தார். "சார், ஸ்கேனர் போச்சு. பசங்க வரிசையில நிக்கிறாங்க."

"பீப் வருதா?"

"வருது. ஆனா கோஹா அப்படி ஒரு புத்தகமே இல்லைங்குது."

பீப் வந்தால் ஸ்கேனர் கோடுகளைப் படித்துவிட்டது. யு.எஸ்.பி.யில் சொருகும் சாதாரண ஸ்கேனருக்குப் புத்தகமும் தெரியாது, கோஹா என்ற நூலக மென்பொருளும் தெரியாது. படித்ததைக் கீபோர்டில் யாரோ வேகமாகத் தட்டுவதுபோல அனுப்பி, கடைசியில் ஒரு எண்டர் தட்டும். ஆகவே நோட்பேடைத் திறந்து அதில் ஸ்கேன் செய்யுங்கள் என்றேன். லேபிளில் உள்ள எண் அப்படியே விழுந்து, கர்சரும் அடுத்த வரிக்குப் போனால் ஸ்கேனர்மேல் பழியில்லை. கர்சர் அதே வரியில் நின்றால் எண்டர் அமைப்பு போயிருக்கிறது. ஸ்கேனரின் கையேட்டில் அதற்கென்றே அச்சிட்டிருக்கும் பார்கோடைப் படிக்கவைத்தால் சரியாகிவிடும்.

நம் ஊருக்கே உரிய வேடிக்கை ஒன்றும் உண்டு. சில நூலகங்களில் புத்தகத்தின் பதிவு எண்ணுக்கு (அக்சஷன் எண்) முன்னால் ஆங்கில எழுத்துகள் இருக்கும். தமிழ்த் தலைப்பு அடிக்கத் தமிழ்99 விசைப்பலகைக்கு மாற்றியவர் திருப்பி மாற்ற மறந்திருப்பார். ஸ்கேனர் அழுத்துவது விசையைத்தானே. திரையில் வேறு ஏதோ விழும். எண்கள் மட்டும் சரியாக வருவதால் சந்தேகமே வராது.

பீப்பே வராவிட்டால்தான் லேபிளைப் பார்க்க வேண்டும். கோடுகளின் இருபுறமும், மிக மெல்லிய கோட்டைப்போல் பத்து மடங்கு வெற்றிடம் வேண்டும். கத்தரிக்கோல் அதைத் தின்றிருக்கும். மேலே ஒட்டிய டேப் பளபளத்தால் ஸ்கேனரைச் சற்றுச் சாய்த்துப் பிடிக்கலாம்.

பத்து நிமிடத்தில் தம்பி போன் செய்தார். நோட்பேடில் 004512, கோஹாவில் 4512.

எக்ஸெல்! பழைய பட்டியலைக் கோஹாவில் ஏற்றுமுன் அதில் திறந்தபோது முன்பூஜ்யங்களை விழுங்கிவிட்டது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் சுருக்கிய பழைய மென்பொருள் 2000ஐத் தாண்டாது என்றுதான் 1999இல் நியூசிலாந்தில் கோஹாவையே எழுதத் தொடங்கினார்கள். அதற்குள்ளும் இலக்கத்தைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறோம் நாம்.

"லேபிளை மாத்திடவா சார்?"

"ஒண்ணையும் கிழிக்காதீங்க தம்பி. லேபிள் சரிதான், கணக்குதான் தப்பு. எல்லாமே ஆறு இலக்கம்தானே? முதல்ல பேக்கப் எடுங்க. அப்புறம் டேட்டாபேஸ்ல பூஜ்யத்தைச் சேர்க்க ஒரே கட்டளை போதும். அதுவரைக்கும் வரிசையில நிக்கிறவங்களுக்கு 4512ன்னு கையாலயே அடிச்சுக் கொடுங்க."